இரண்டு இரவுகளுக்கு நடுவே ஒரு பகல்

சித்தூர்ச் சீமையில் 'விடிய விடிய' என்ற சொல்லுக்கு என் இளமைக் காலத்தில் ஒரே பொருள்தான் இருந்தது. கண் சிவந்து, தலைமயிரில் புழுதி படிந்து, காலை வெயிலில் ஒருவன் தெருவோடு தள்ளாடி வந்தால், "என்ன, விடிய விடியப் பாரதமா?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் கேட்கும், அவன் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவான், அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. இந்தக் கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன், திருப்பதியில் கல்லூரியில் படிப்பவன், சென்ற வாரம் ஒரு காலையில் அதே சிவந்த கண்களோடு காப்பிக்கு வந்து உட்கார்ந்து, "விடிய விடியப் பாத்து எட்டு எபிசோடையும் முடிச்சிட்டேன் தாத்தா" என்று சொன்னபோது, அந்தப் பழைய சொல் தன் பழைய வீட்டை விட்டு வேறொரு வீட்டுக்குக் குடிபோயிருப்பதை உணர்ந்தேன்.

கதையைச் சொல் என்றேன். சொன்னான். கொலை செய்தவன் யார், அவன் எப்படிப் பிடிபட்டான், கடைசிப் பகுதியில் எந்தக் கணத்தில் சந்தேகம் திசை மாறியது என்பதையெல்லாம் ஒரு வக்கீலின் நேர்த்தியோடு எடுத்துரைத்தான். "இறந்துபோன அந்தப் பெண்ணுக்குத் தாய் உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றான். "மகள் போன பிறகு அவள் எப்படி இருந்தாள்?" டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தான். "மூணாவது எபிசோடுல வரும் தாத்தா... சரியா ஞாபகம் இல்லை" என்றான். அவன் அறிவிலோ சிரத்தையிலோ குறைவுடையவன் அல்லன். தாய்மையின் துயரம் அவனைத் தொடாமலும் இருந்திருக்காது. தொட்டது உள்ளே இறங்குவதற்குள் நான்காம் பகுதி வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பன் என்றவனைப் பற்றிய பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லி இளைஞர்களைக் கடிந்துகொள்வது சுலபம். ஆனால் அது நியாயமாகாது. விடிய விடியக் கதை பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று; சொல்லப்போனால், இந்த மண்ணைப்போல் அதைச் சம்பிரதாயமாகவே வளர்த்த மண் வேறு அதிகம் இல்லை. ஆகையால், தொடர்களை ஒரே மூச்சில் பார்க்கலாமா, பார்த்தால் எதைப் பார்க்கலாம் என்று எல்லா வீடுகளிலும் பேச்சு நடக்கும் இக்காலத்தில், அதற்கான விடையை நம் ஊர்ப் பாரதத்திடமே கேட்பது பொருத்தம் என்று கருதுகிறேன்.

பழைய வட ஆற்காட்டின் தாலூகாக்களும் கடப்பை ஜில்லாவின் தாலூகாக்களும் சேர்ந்து 1911-ல் உருவானது சித்தூர் ஜில்லா. 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டிருக்க, திரௌபதி அம்மன் கோவில்களின் பாரத உற்சவம் மட்டும் எந்தக் கோட்டையும் பொருட்படுத்தாமல், ஓரூரில் தமிழிலும் அடுத்த ஊரில் தெலுங்கிலும், சில ஊர்களில் இரண்டும் கலந்தும் நடந்து வருகிறது. பெரும்பாலும் 18 நாள். கொடியேறிய பிறகு ஒவ்வொரு நாளும் பிற்பகலில் ஹரிகதை. இரவு ஊர் அடங்கிய பிறகு கூத்து. அதைத் தெலுங்கில் வீதி நாடகம் என்பார்கள். பகலில் பாகவதர் சப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு எந்தக் கட்டத்தைச் சொல்லி, தர்மம் எது, அதர்மம் எது என்று அலசி வைக்கிறாரோ, அந்தக் கட்டம் இரவில் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி, முகவீணையும் மத்தளமும் முழங்க நம் கண்முன் நிற்கும். மறுநாள் பிற்பகலில் பாகவதர் அடுத்த கட்டத்துக்குப் போவார். பதினெட்டு நாளும் இந்தப் பகலும் இரவும் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டே போகும்.

அந்தப் பகல் என்பது ஹரிகதை நேரம் மட்டுமன்று. துகிலுரிதல் நடந்த இரவுக்கு மறுநாள் காலையில் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் வேறு பேச்சே இராது. தன்னையே தோற்றுவிட்ட ஒருவன் மனைவியைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்று சபையில் திரௌபதி கேட்டாளே, அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் கடலைக்காய் பறித்துக்கொண்டே பெண்கள் விவாதித்ததை நான் கேட்டிருக்கிறேன். "பீஷ்மர் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று ஒருத்தி; "சோறு போட்டவன் வீட்டில் எப்படித் திறப்பார்?" என்று மற்றொருத்தி, "அப்படியானால் நம்மூரிலும் அப்படித்தானே நடக்கிறது" என்று மூன்றாமவள். அவர்களில் ஒருவரும் பள்ளிக்கூடம் போனவரல்லர். இரவில் கண்டதைப் பகலில் வாழ்க்கையோடு உரசிப் பார்க்கும் அவகாசம் அவர்களுக்கு இருந்தது; அந்த அவகாசமே அவர்களுடைய கல்வி.

அர்ஜுனன் தபசன்று இரவை நினைத்துப் பாருங்கள். கோவிலுக்கு எதிரே உயர்ந்த மரத்தை நட்டு, குறுக்கே கழிகளை அடித்துப் படி அமைத்திருப்பார்கள். பாசுபதாஸ்திரத்தை வேண்டிச் செல்லும் அர்ஜுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு பாட்டைப் பாடி, அதன்பின் அடுத்த படியில் கால் வைப்பார். கீழே, பிள்ளைப் பேற்றை வேண்டி விரதமிருக்கும் பெண்கள் ஈரச் சேலையோடு முந்தானையை விரித்தபடி காத்திருப்பார்கள். உச்சியை அடைந்ததும் அவர் வில்வத்தையும் விபூதியையும் எலுமிச்சம்பழத்தையும் வீசுவார். படியேற ஆரம்பித்து உச்சியை அடைவதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடும். கதையென்று பார்த்தால் அங்கே 'ஒருவன் மரமேறினான்' என்பதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆயினும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து போக மாட்டார். ஏறுகிறவனுடைய பிரயாசையும் காத்திருப்பவளுடைய ஏக்கமும் ஒன்றாகிவிடும் அந்த நேரத்தை யாரேனும் இரண்டு நிமிஷமாகச் சுருக்கிக் காட்டியிருந்தால், முந்தானையில் விழும் எலுமிச்சம்பழம் வெறும் எலுமிச்சம்பழமாகவே இருந்திருக்கும்.

பதினெட்டாம் நாள் படுகளம். களிமண்ணால் தரையில் கிடத்திய துரியோதனனின் பேருருவத்தைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு ஓடுவார்கள், தொடை பிளக்கும், திரௌபதி கூந்தல் முடிவாள், அன்று மாலை அக்கினி குண்டத்தில் ஊரே இறங்கும், பிறகு தர்மராஜ பட்டாபிஷேகம். எல்லாம் முடிந்த பின், அந்த மண்ணுருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போய் நெற்குதிரிலும் வயலிலும் போடுகிறவர்கள் உண்டு. தோற்றவனுடைய உடம்பிலிருந்து ஒரு பிடி! பதினெட்டு நாள் அவனை வைது தீர்த்தவர்களே அதைச் செய்கிறார்கள் என்றால், அந்தக் கதை அவர்களுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்க வேண்டும்!

திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையைக் கண்டவர்கள் இதே உண்மையை வேறொரு கோலத்தில் கண்டிருப்பார்கள். கோடையில் ஒரு வாரம் நடக்கும் அந்த ஜாத்திரை, உண்மையில் வீதியில் நடக்கும் ஏழு நாள் தொடரே. பெண்களைச் சூறையாடிய ஒரு பாளையக்காரனைத் தேடிக் கங்கம்மா நாளுக்கொரு வேஷம் தரிக்கிறாள்: பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம். ஒளிந்திருந்தவன் அவள் துரை வேஷம் பூண்டு வந்தபோது ஏமாந்து வெளிப்படுகிறான். அவன் தலை விழுகிறது. சாமானியக் கதாசிரியன் திரையை அங்கேயே இறக்கியிருப்பான். ஜாத்திரையோ மறுநாளும் நடக்கிறது. மறுநாள் கங்கம்மா மாதங்கி வேஷத்தில் வருகிறாள், எதற்காக? கொலையுண்டவனின் மனைவிக்கு ஆறுதல் சொல்வதற்காக. வதம் ஒரு நாள். அந்த வதத்தினால் அழுகிறவளுக்காகத் தனியே இன்னொரு நாள். நீதி செய்த கையே கண்ணீரையும் துடைக்க வேண்டும் என்ற இந்தப் பெரிய எண்ணத்தை, எழுத்தறியாத மக்கள் நாட்களை அடுக்கிய முறையிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் என் பேரனிடம் கேட்ட கேள்வி மாதங்கி வேஷத்தைப் பற்றிய கேள்விதான். அவன் துரை வேஷத்தைப் பார்த்தான். மாதங்கி வந்தபோது அடுத்த பகுதி தொடங்கிவிட்டிருந்தது.

இந்தப் பகலை அச்சு யந்திரமும் ஆரம்பகாலத் தொலைக்காட்சியும் நமக்கு வேறு உருவத்தில் அளித்துவந்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, வந்தியத்தேவனை ஆபத்தில் விட்டுவிட்டு ஏழு நாள் காத்திருந்த வாசகர்கள், அந்த ஏழு நாளும் தாமே அவனைக் காப்பாற்றும் வழிகளை ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரோடு சேர்ந்து அவர்களும் கதை எழுதினார்கள் என்று சொன்னாலும் தகும். 1987 ஜனவரி 25-ஆம் தேதி தொடங்கி 78 பகுதிகளாக ராமானந்த் சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது, ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடியதும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டதும், பெட்டி உள்ள வீட்டுக் கூடத்தில் பெட்டி இல்லாத நாலு வீட்டார் பாயை விரித்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்து வந்த பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகள் நடந்தது. அதில் கதை சொல்பவன் யார் தெரியுமா? காலம். 'காலமாகிய நான்' என்று ஒரு குரல் வந்து கதையைத் தொடங்கும். காலத்தையே சூத்திரதாரியாக வைத்த அந்தக் கதையை நாமும் ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் கொடுத்துப் பார்த்தோம். பீஷ்மர் அம்புப் படுக்கையில் காத்திருந்தபோது நாமும் அடுத்த ஞாயிற்றுக்குக் காத்திருந்தோம். ஹிந்தி அறியாத எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மொழி ஒரு தடையாகவே இல்லை. கதை முன்பே தெரியும். தெரிந்த கதையை மறுபடி பார்ப்பதில் உள்ள நிம்மதியும் அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கு 2013 பிப்ரவரியில் கலைந்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' என்னும் அரசியல் தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. 2016 ஜனவரியில் அந்நிறுவனமும் அவ்வருஷ டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. கைப்பேசியில் இணையம் மலிவாகிவிட்டதால், திருமலை அடிவாரத்து அறைகளிலும் நகரியின் விசைத்தறி வீடுகளிலும் தொடர்கள் விடிய விடிய ஓடத் தொடங்கின. ஒரு பகுதி முடிந்து, அதில் பாடுபட்டவர்களின் பெயர்கள் தோன்றுவதற்குள் அந்தப் பெயர்ப்பட்டியல் ஒரு மூலைக்குச் சுருங்கி, சில விநாடிகள் எண்ணப்பட்டு, அடுத்த பகுதி தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. நாம் பார்க்கத் தீர்மானிப்பதற்கு எந்தச் செயலும் வேண்டியதில்லை. நிறுத்தத் தீர்மானிப்பதற்குத்தான் கையை நீட்ட வேண்டும். விக்கிரமாதித்தனின் தோளிலிருந்த வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்டது; விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்றது; ராஜா வாய் திறந்து தன் தீர்ப்பைச் சொன்ன பிறகே மரத்துக்குத் திரும்பிற்று. இன்றைய வேதாளமோ நம்மை ஒன்றும் கேட்பதில்லை. கேள்வி கேளாத கதைசொல்லி நமக்குச் செய்யும் உபகாரத்தைவிட அபகாரமே அதிகம்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. அவை அற்பமானவையும் அல்ல. முதலாவதாக, வாரத்துக்கு ஆறு நாள் உழைத்து ஒருநாள் மட்டும் ஓய்வு கிடைப்பவருக்கு அந்த ஒரு நாளில் முழுக் கதையையும் பார்க்கும் உரிமை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. நோயில் படுத்திருப்பவருக்கும், இரவுக் காவலில் இருப்பவருக்கும், பேச்சுத் துணையற்ற முதியவருக்கும் நீண்ட கதை பெரிய துணை. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து, திருமலைக் கோவிலிலேயே பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டிருந்த நாட்களில், தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி காலையும் இரவுமாக ஒளிபரப்பியது. பயத்தோடு அடைபட்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது நாளை இரண்டாகப் பகுத்துக் கொடுத்தது. இரண்டாவதாக, இன்றைய குறுந்தொடர்களில் ஒரு பெரிய நன்மை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போய், கதாசிரியருக்கே முடிவு மறந்துபோகும் நெடுந்தொடர்களைப் போலன்றி, ஆறோ எட்டோ பகுதிகளில் ஆரம்பமும் வளர்ச்சியும் பூர்த்தியும் உள்ள கிருதிகளாக அவை அமைகின்றன. நெடுந்தொடரில் பகல் மட்டும் உண்டு, விடிவு இல்லை. குறுந்தொடரில் விடிவு உண்டு. பகலைத்தான் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாதம் இன்னும் வலுவானது: கூத்தும் விடிய விடியத்தானே நடந்தது? 1985-ல் பிரான்ஸ் தேசத்தின் அவிஞ்ஞோன் நாடக விழாவில் பீட்டர் புரூக் என்னும் மேதை, ஒரு கல்லுடைக்கும் குவாரியில் ஒன்பது மணி நேர மகாபாரதத்தை இரவு முழுவதும் நடத்தி, பொழுது விடியும்போது முடித்ததை உலகமே கொண்டாடவில்லையா? கொண்டாடியது, நியாயமாகவே கொண்டாடியது. ஆகவேதான் நான் மணிக்கணக்கைக் குற்றம் சொல்லவில்லை. குவாரியில் அமர்ந்தவர்களும் எங்கள் ஊர்ப் பாரத மைதானத்தில் கோணிப்பையை விரித்து அமர்ந்தவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அமர்ந்தவர்கள். பக்கத்திலிருப்பவர் விம்மியதைக் கேட்டவர்கள். விடிந்ததும் ஒன்றாக எழுந்து, பேசிக்கொண்டே வீடு திரும்பியவர்கள். விழித்திருந்த நேரம் ஒன்றே ஆயினும், போர்வைக்குள் காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு ஏகாந்தமாக விழித்திருப்பதும் அதுவும் ஒன்றாகா. கூத்துக்கு மறுநாள் இருந்தது. அந்த மறுநாளில் ஊர் முழுவதும் உடன் இருந்தது.

ஆகையால் என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு, எப்படிப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே சில தொடர்களைச் சிபாரிசு செய்ய விரும்புகிறேன்.

குடும்பத்தோடு பார்க்க முதலில் 'அயலி'. 2023 ஜனவரி 26-ல் ஜீ5 தளத்தில் வெளியான இத்தொடரை முத்துக்குமார் இயக்கினார், எட்டுப் பகுதிகள். பெண் பருவமடைந்ததும் பள்ளியை நிறுத்தி மணம் முடித்துவிடும் வீரப்பண்ணை என்ற கிராமத்தில், டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி என்ற சிறுமி, தான் வயதுக்கு வந்ததை ஊருக்கு மறைத்துப் படிப்பைத் தொடர்கிறாள். ஊரின் தெய்வத்தின் பேரால் நடக்கும் கொடுமையை, அந்தத் தெய்வத்தைப் பழிக்காமலே கேள்வி கேட்கும் பக்குவம் இதில் இருக்கிறது. அபி நட்சத்திராவும் தாயாக வரும் அனுமோளும் நடிப்பதை மூன்று தலைமுறைப் பெண்கள் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டும்; நாளுக்கு ஒரு பகுதிக்கு மேல் பார்க்கலாகாது என்பது என் கோரிக்கை.

பெரியவர்கள் மட்டும் பார்க்க 'சுழல்'. 2022 ஜூன் மாதம் அமேசான் பிரைமில் வந்தது. புஷ்கர்-காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கியது. ஒரு சிமெண்டு ஆலை எரிகிறது. ஒரு பெண் காணாமற்போகிறாள். விசாரணை ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் அதே ஊரில் அங்காளம்மனின் மயானக்கொள்ளைத் திருவிழா நாளுக்கு நாள் உக்கிரம் அடைகிறது. பாரதத்தோடும் ஜாத்திரையோடும் வளர்ந்த நம் பகுதியினருக்குத் திருவிழாவும் கதையும் ஒன்றையொன்று விளக்கும் இந்த அமைப்பு மிகவும் பரிச்சயமானது. குழந்தைகளுக்கு நேரும் கொடுமையைப் பேசுவதால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கத்தக்கதன்று. ஆனால் பார்த்த பெற்றோர் மறுநாள் தம் பிள்ளைகளிடம் பேசவேண்டிய சில வார்த்தைகளை அது அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும். அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி, எஸ். ஜே. சூர்யா நடித்து வந்த 'வதந்தி'யும் இவ்வகையைச் சேர்ந்தது. இறந்துபோன ஓர் இளம்பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் நிறுத்தி, 'இப்போது இவளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன், ஏன்?' என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறவருக்கே இத்தொடர் தன் முழுப் பொருளையும் தரும்; வதந்திக்கு நாமும் காது கொடுத்தோம் என்பதை ஒரே மூச்சில் பார்ப்பவர் உணர்வதற்கு இடமே இராது.

தெலுங்கும் தமிழும் ஒரே கூடத்தில் புழங்கும் நம் வீடுகளுக்கு, 2024 ஜனவரியில் ஈடிவி வின் தளத்தில் வந்த '90ஸ்' என்ற தெலுங்குத் தொடர் நல்ல விருந்து. ஆதித்ய ஹாசன் இயக்கத்தில், சிவாஜி கண்டிப்பான கணக்கு வாத்தியாராக வரும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை. மதிப்பெண்ணும் மாதச் செலவும் தவிரப் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. அதுவே அதன் அழகு. பழையவற்றில், ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேயில் படமாக்கிய 'மால்குடி டேஸ்' எக்காலத்துக்கும் உரியது; பாதியில் நிறுத்திவிட்டு உறங்கப்போனால் எந்தப் பாதகமும் இல்லாத கதைகள் அவை; சிறுவர்களுக்கு முதல் தொடராக அதையே கொடுங்கள். மர்மத்தில் விருப்பமுள்ளவர்கள், 2024-ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையைத் தேடிப் பார்க்கலாம். அதில் 'விடாது கருப்பு' ஒரு கிராமத்தின் காவல் தெய்வத்தையும் மனித மனத்தின் இருட்டையும் ஒருசேரப் பேசுவது.

இவற்றைப் பார்க்கும் முறைக்கு நான் கேட்பது மூன்றே விஷயம். அடுத்த பகுதி தானே ஓடுவதை நிறுத்தும் வசதி பெரிய தளங்களின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அதைச் செய்துவிடுங்கள். அடுத்து, ஒருவராவது உடன் இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் சிநேகிதரானாலும், அதே பகுதியை அதே இரவில் பார்த்துவிட்டு மறுநாள் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். கடைசியாக, ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் நடுவே ஒரு பகலை விடுங்கள். வேலைக்குப் போகும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் அந்தக் கதை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

முந்தாநாள் இரவு எங்கள் வீட்டில் 'அயலி'யின் முதல் பகுதியைப் பார்த்தோம். நானும் என் மனைவியும் மகளும் பேரனும். முடிந்தவுடன் பேரனே கையை நீட்டி நிறுத்தினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிறிது நேரம் கழித்து என் மகள், தன்னோடு ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்த ஒரு பெண்ணைப் பற்றி, ஒரு திங்கட்கிழமை அவள் இடம் காலியாக இருந்ததைப் பற்றி, அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் உட்காராததைப் பற்றிச் சொன்னாள். இத்தனை வருஷமாக எங்களோடு இருக்கும் மகள். இதை நாங்கள் கேட்டதில்லை. "அவங்க இப்ப எங்கம்மா இருக்காங்க?" என்று பேரன் கேட்டான். தெரியாது என்றாள். நேற்றுக் காலை காப்பிக்கு வந்தபோது அவன் கண் சிவந்திருக்கவில்லை, ஆனால், "அம்மா, அந்த ஆன்ட்டி பேரு என்னன்னு சொன்னீங்க?" என்பதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. படுகளத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டுதான் அவன் உறங்கப் போயிருக்கிறான்.